வாயுக் கணக்கில் வழுக்கும் இடம்

இரசாயனவியல் கற்கும் மாணாக்கருட் பலர் வாயு விதிகளைப் பிழையின்றி ஒப்புவிப்பர். கணக்கென்று வந்துவிட்டால் தடுமாறுவர். சில காலத்துக்கு முன் தாயார் ஒருவர் என்னிடம் வந்து, "மகனுக்கு இரசாயனம் ஏறாது போலிருக்கிறது, மாஸ்டர், கலைப்பிரிவுக்கு மாற்றிவிடலாமோ?" என வினவினார். கலைத்துறை இழிந்ததன்று. ஆயினும், அதனை விரும்பிச் சேரவேண்டுமேயன்றி, ஒன்றுக்கு அஞ்சி ஓடிச் சேரலாகாது. ஆதலால் மகனின் விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். விதி சரி, பெருக்கலும் சரி. பிழை ஓரிடத்திலேயே இருந்தது.

வினா இதுதான்: மூடிய உருக்குக் கலமொன்றில் 27 பாகை செல்சியசில் உள்ள வளியின் அமுக்கம் 1 வளிமண்டலம். அதனை 54 பாகைக்குச் சூடாக்கினால் அமுக்கம் யாது? கனவளவு மாறாதபோது அமுக்கம் வெப்பநிலைக்கு நேர்விகிதசமன் என்பது விதி. 27இன் இருமடங்கு 54. ஆகவே அமுக்கம் 2 வளிமண்டலம் என எழுதியிருந்தான்.

நியாயம்போலத் தோன்றும் இவ்விடையைச் சற்றுச் சோதிப்போம். இம்முறைப்படி பூச்சியப் பாகையில் கலத்தினுள்ளே அமுக்கமே இராது. தை மாதத்து விடியலில் நுவரெலியாவிற் புல்மீது பனி உறைவதுண்டு. அதனால் அங்குள்ள வளி ஒழிந்தா போகின்றது? செல்சியசுப் பூச்சியம், நீர் உறையும் நிலைக்கு மனிதர் இட்ட அடையாளமே. வாயுவுக்குரிய பூச்சியமோ அதற்கு ஏறத்தாழ 273 பாகை கீழே உள்ளது. அங்கிருந்து எண்ணும் தனிவெப்பநிலை அளவையை, பின்னாளிற் கெல்வின் பிரபு எனப்பட்ட உவில்லியம் தொம்சன் 1848ஆம் ஆண்டில் முன்வைத்தார். அவ்வளவையில் 27 பாகை என்பது 300. 54 பாகை என்பது 327. எனவே சரியான விடை 327ஐ 300ஆல் வகுக்க வரும் 1.09 வளிமண்டலம். இருமடங்கு என எண்ணிய ஏற்றம் உண்மையில் நூற்றுக்கு ஒன்பதே.

சைக்கிள் ரயருக்குக் காற்றடிக்கும்போதும் இதே வழுக்கல் உண்டு. அமுக்கமானி 2 வளிமண்டலம் எனக் காட்டினால், அது வெளிக்காற்றின் அமுக்கத்துக்கு மேற்பட்ட அளவு மட்டுமே, உள்ளேயிருப்பது 3. பூச்சியம் எங்கே தொடங்குகின்றது என்பதே முதற் கேள்வி.

அடுத்து, சூத்திரத்தை நாடுமுன் "கூடுமா, குறையுமா?" என வினவுக. 1783ஆம் ஆண்டு டிசெம்பர் முதலாந் திகதி, ஐதரசன் நிரப்பிய பலூனிற் பாரிஸ் நகரிலிருந்து வானேறியவர் சாள்சு. அவர் நினைவாக ஒரு கணக்கைச் செய்வோம். சிறு பலூன் ஒன்றில் 27 பாகையிலும் 1 வளிமண்டல அமுக்கத்திலும் 10 இலீற்றர் வாயு உள்ளது. அது மேலெழுந்து, அமுக்கம் அரை வளிமண்டலமாகவும் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 3 பாகையாகவும் உள்ள இடத்தை அடைகின்றது. றப்பரின் இழுவிசையையும் வாயுக் கசிவையும் விட்டுவிடுவோம். அமுக்கம் பாதியாயிற்று, 1662இற் போயில் வெளியிட்ட விதிப்படி கனவளவு இருமடங்காகும்: 20 இலீற்றர். குளிரால் வாயு சுருங்கும். ஆகவே ஒன்றிலுஞ் சிறிய பின்னமாகிய 270/300 ஆற் பெருக்குக. விடை 18 இலீற்றர். பின்னத்தைத் தலைகீழாக இட்டவனும், "குளிரில் விரிந்ததா?" என்று தன்னையே கேட்டாற் பிழையைக் கண்டுகொள்வான்.

அம்மகன் இக்கணக்கை என்முன் அமர்ந்து தானே செய்து முடித்தான். பின் சிறிது யோசித்து, "இன்னும் மேலே போனால் பலூன் வெடித்துவிடாதா, சேர்?" என்றான். ஆம், வெடித்துவிடும், வானிலை ஆய்வுப் பலூன்கள் அவ்வாறே விரிந்து விரிந்து ஈற்றில் வெடிக்கின்றன. நான் கூறாததை அவன் கணக்கிலிருந்தே கண்டான். கலைப்பிரிவுக்கு மாற்றும் பேச்சு அதன்பின் எழவில்லை.

பெற்றோரே, பிள்ளையின் விடைத்தாளிற் புள்ளியை மட்டும் பாராதீர்கள். பிழை எவ்விடத்தில் நேர்ந்ததென்பதையும் கேளுங்கள்.