கதையை முடித்துவிட்டு நிறுத்துங்கள்

2024-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் தேதி சனிக்கிழமை இரவு சன் தொலைக்காட்சியில் ‘எதிர்நீச்சல்’ நெடுந்தொடர் முடிவுற்றபோது தமிழ்நாட்டு இல்லங்களில் உண்டான ஏமாற்றத்தைப் பத்திரிகைகள் ஓரளவு எடுத்துரைத்தன. ஆனால் அதே இரவில் மும்பை மாநகரத்தில், தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய சந்துகளிலும், மாதுங்காவின் பழைய மாடிக் கட்டடங்களிலும், செம்பூர்ச் சேடா நகரில் முருகன் கோயிலைச் சூழ்ந்துள்ள வீதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் உண்டான ஏமாற்றம் எங்கும் பிரஸ்தாபிக்கப்படவில்லை. ஒரு தொடர் நிற்பதைப் பற்றி இவ்வளவு வருந்துவானேன் என்று கேட்போர், மறுநாட் காலையில் அவ்வீதிகளில் தண்ணீர்க் குழாயடியிலும் கோயில் வாசலிலும் பெண்கள் பேசிக்கொண்டதைச் சிறிது நேரம் நின்று கேட்டிருப்பார்களானால், அக்கேள்வியைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கும் பிற கூலி வேலைகளுக்குமாகத் தாராவிக்கு வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகளும், 1932-இல் மாதுங்காவில் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவிய தலைமுறையின் வழித்தோன்றல்களும் இன்று வீதியில் ஹிந்தியும், பள்ளியில் மராத்தியும் ஆங்கிலமும் பேசி வளர்கின்றனர். 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் தேதி சன் தொலைக்காட்சி தோன்றும் வரையில், தமிழ் வசனம் இவ்வீடுகளின் திரையில் ஒலிப்பது அபூர்வம். ஞாயிற்றுக்கிழமை மதியம் தூர்தர்ஷன் பிராந்திய மொழிப் படங்களை முறைவைத்துக் காட்டும்போது தமிழின் முறை எப்போது வரும் என்று காத்திருந்த காலம் அது. அத்தகைய வீட்டில் இரவுதோறும் அரைமணி நேரம், எழுபது வயதுப் பாட்டியும் பதினைந்து வயதுப் பேத்தியும் ஒரே கதையைப் பார்த்து, “பாட்டி, ஜனனி இன்னிக்கு அவரை எதுத்துப் பேசினாளா?” என்று தமிழிலேயே கேட்டு, தமிழிலேயே விடை பெறுவது, வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடக்கூடியதன்று. பேத்திக்குத் தெரிந்த தமிழில் கணிசமான பங்கு அத்தொடரிலிருந்து வந்தது என்று சொல்லும் குடும்பங்களை நான் அறிவேன்.

‘எதிர்நீச்சல்’ 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் தேதி தொடங்கியது. முன்னர் ‘கோலங்கள்’ தொடரை இயக்கிய திருச்செல்வமே இதனையும் இயக்கினார். படித்த பெண்களை மருமகள்களாகக் கொண்டுவந்து அடுக்களைக்குள் அடைத்துவைக்கும் ஆதி குணசேகரன் என்ற குடும்பத் தலைவனையும், அவனது கொடுமையை மெல்ல மெல்ல எதிர்க்கக் கற்றுக்கொள்ளும் ஜனனி முதலிய ஸ்திரீகளையும் பற்றிய கதை அது. குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8-ஆம் தேதி திடீரெனக் காலமானார். அப்பாத்திரத்தை எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி ஏற்று நடித்தார். கதை தொடர்ந்தது, ஆயினும் இறுதி வாரங்களில் நிகழ்ச்சிகள் அவசர அவசரமாக முடிச்சுப் போடப்பட்டன என்பதே ரசிகர்களின் குற்றச்சாட்டு. அதில் நியாயம் இருந்தது என்பது என் அபிப்பிராயம். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகப் பொறுமையோடு வளர்த்த எதிர்ப்பு, அதன் பலனை நிதானமாகக் காட்டாமலே முடிக்கப்பட்டால், அவ்வெதிர்ப்பில் தங்கள் வாழ்க்கையின் சாயலைக் கண்ட பெண்கள் ஏமாற்றப்பட்டதாகவே உணர்வார்கள். 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் தேதி ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்ற பெயரில் கதை மீண்டும் ஆரம்பிக்கப்பட்டதை நோக்கினால், மனக்குறை அலைவரிசையின் செவிக்கும் எட்டியிருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது.

முடிவு அவசரமானதாக இருந்தாலும் ஒரு முடிவாவது இருந்ததே என்று அத்தொடரைப் பற்றிச் சொல்லலாம். 2020-ஆம் ஆண்டில் அதுகூட இல்லை. கொரோனா நோயின் காரணமாக அவ்வாண்டு மார்ச் மாதத்தில் படப்பிடிப்புகள் நின்றன. பல மாதங்களுக்குப் பின்னர் புதிய பகுதிகள் ஒளிபரப்பாகத் தொடங்கியபோது, ‘அழகு’, ‘கல்யாண பரிசு’, ‘தமிழ்ச்செல்வி’, ‘சாக்லேட்’ ஆகிய நான்கு தொடர்கள் திரும்பி வரவில்லை. ரேவதி பிரதான வேடம் ஏற்ற ‘அழகு’ இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. ‘கல்யாண பரிசு’ 2014 முதல் ஆறு ஆண்டுகள் பிற்பகல்தோறும் நடந்தது. ஆறு ஆண்டு காலம் ஒரு குடும்பத்தின் சுகதுக்கங்களைத் தினந்தோறும் பின்பற்றிவந்த ஒரு மூதாட்டிக்கு, அவர்கள் கதி என்னவாயிற்று என்பதை ஒருவரும் சொல்லவில்லை. நோயும் ஊரடங்கும் எவருடைய குற்றமும் அல்ல. படப்பிடிப்புக்கு ஆட்கள் கூட முடியாத நிலையில் தயாரிப்பாளர்களுக்கு நேர்ந்த நஷ்டமும் உண்மையானது. ஆனால், படப்பிடிப்பு மீண்டும் அனுமதிக்கப்பட்ட பிறகு, நான்கு கதைகளுக்கும் தலா ஒரு வாரம் கொடுத்து முடித்துவைக்க எந்த நோயும் தடையாக இருக்கவில்லை.

இத்தகைய தீர்மானங்கள் எவ்வாறு செய்யப்படுகின்றன என்பதைப் பார்வையாளர் அறிந்துகொள்வது அவசியம். சன் தொலைக்காட்சியில் நெடுங்காலம் வழங்கிவந்த முறையில், தயாரிப்பாளர் அலைவரிசைக்குக் கட்டணம் செலுத்தி ஓர் அரைமணி நேரத்தைப் பெற்று, அதற்குள் அடங்கும் விளம்பர நேரத்தைத் தாமே விற்று முதலீட்டை மீட்டுக்கொள்வார். மும்பையின் ஹிந்தி அலைவரிசைகளிலோ, அலைவரிசையே பகுதிக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்துத் தொடரைத் தயாரிக்கச் செய்து, விளம்பர வருவாயைத் தானே பெற்றுக்கொள்ளும் முறையே பெரும்பாலும் வழங்குகிறது. முறை எதுவாயினும், விளம்பரத்தின் விலையை நிர்ணயிப்பது டி.ஆர்.பி. என்று யாவரும் சொல்லும் எண்ணே. 2015 முதல் அதனைக் கணக்கிட்டு, வாரந்தோறும் வியாழக்கிழமை வெளியிட்டுவரும் ஸ்தாபனம் ‘பார்க்’ என்பது. ஒவ்வோர் அலைவரிசையும் தன் ஒலியோடு காதுக்குக் கேளாத ஓர் அடையாளக் குறியைக் கலந்து அனுப்புகிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டியின் அருகே வைக்கப்பட்டுள்ள கருவி அக்குறியைக் கண்டுபிடித்து, எந்த அலைவரிசை எவ்வளவு நேரம் ஓடியது என்று பதிந்துகொள்கிறது. பார்ப்பவர் இன்னார் என்பதை வீட்டினர் ஒரு பொத்தானை அழுத்தித் தெரிவிக்கின்றனர். 2020-இல் இத்தகைய வீடுகள் நாடெங்கும் ஏறக்குறைய 44,000. தொலைக்காட்சிப் பெட்டி உள்ள வீடுகளோ சுமார் 20 கோடி. மாதிரிக் கணக்கு என்பது புள்ளியியல் ஒப்புக்கொண்ட முறைதான். அதைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அவ்வாண்டு அக்டோபரில் மும்பைக் காவல்துறை சில அலைவரிசைகள் அக்கருவி உள்ள வீடுகளுக்குப் பணம் கொடுத்ததாகக் குற்றஞ்சாட்டி வழக்குப் பதிவு செய்ததையும் இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை.

மும்பைத் தமிழரை நேராகத் தொடும் விஷயம் வேறொன்று. தமிழ்த் தொடர்களின் ஜயாபஜயத்தை நிச்சயிக்கும் வாராந்தரப் பட்டியல், தமிழ்நாடும் புதுச்சேரியும் சேர்ந்த சந்தையை ஆதாரமாகக் கொண்டது. தாராவியில் ஒரு வீட்டில் அக்கருவி இருந்தாலும், அவ்வீட்டில் பார்க்கப்பட்ட தமிழ்த் தொடர் மகாராஷ்டிரக் கணக்கிலேயே சேரும். மேலும், 2019-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமலுக்கு வந்த புதிய கட்டண முறையின்படி, கட்டண அலைவரிசைகளைப் பார்வையாளர் தாமே பொறுக்கியெடுத்துப் பணம் செலுத்த வேண்டியதாயிற்று. அப்போது சன் தொலைக்காட்சிக்கு மாதம் 19 ரூபாய், வரி நீங்கலாக. கேபிள்காரர் கொடுக்கும் ஹிந்தித் தொகுப்போடு திருப்தியடையாமல், தமிழுக்கென்று தனியே எழுதிக் கொடுத்துப் பணம் கட்டிப் பார்க்கும் செம்பூர்க் குடும்பம், தான் நேசிக்கும் தொடர் வாழவேண்டுமா நிற்கவேண்டுமா என்ற பிரச்னையில் ஓர் எண்ணாகக்கூட இடம்பெறுவதில்லை. இந்த அநீதியை எந்தத் தமிழ் அலைவரிசையும் இதுவரை பொருட்படுத்தியதாக எனக்குத் தோன்றவில்லை.

எண்ணில் இடம்பெற்றவர்களுக்கும் பெரிய பாதுகாப்பு இல்லை என்பதற்கு இதே மும்பையில் நடந்த ஒரு சம்பவம் சாட்சி. 2000-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் தேதி ஸ்டார் பிளஸ் அலைவரிசையில் தொடங்கிய ‘க்யூங்கி ஸாஸ் பீ கபீ பஹூ தீ’ என்ற தொடர், ஸ்மிருதி இரானி ஏற்ற துளசி வேடத்தால் நாடெங்கும் பிரசித்தி பெற்றது. அதன் நாயகன் மிஹிர் இறந்துவிட்டதாகக் கதையில் காட்டியபோது மக்களிடமிருந்து வந்த எதிர்ப்பைத் தாங்கமாட்டாமல் அவனை மீண்டும் உயிரோடு கொண்டுவந்தார்கள். அந்நாளில் அத்தொடரின் ரசிகர்களுக்கு அவ்வளவு சக்தி இருந்தது. ஆனால் 2008-இல், கலர்ஸ் என்ற புதிய அலைவரிசை ‘பாலிகா வதூ’ முதலிய தொடர்களால் பார்வையாளரைக் கவர்ந்துகொண்டிருந்த வேளையில், ஸ்டார் நிறுவனம் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. தயாரிப்பாளரான பாலாஜி டெலிஃபிலிம்ஸ் பம்பாய் உயர் நீதிமன்றத்தை நாடியும் பயன் விளையவில்லை. நவம்பர் 6-ஆம் தேதி, 1,833 பகுதிகளுடன் அத்தொடர் நின்றது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட தயாரிப்பாளருக்காவது வழக்காட ஓர் இடம் இருந்தது. பார்வையாளரோ எந்த ஒப்பந்தத்திலும் சம்பந்தப்பட்டவர் அல்லர். ஒளிபரப்பில் ஆபாசமோ அவதூறோ இருந்தால் முறையிட 2021-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகள் மூன்று நிலைகளை வகுத்துள்ளன; கதை பாதியில் நின்றுவிட்டது என்று முறையிட ஒரு நிலையும் இல்லை. பதினேழு ஆண்டுகளுக்குப் பின், 2025 ஜூலை 29-ஆம் தேதி, அதே அலைவரிசை அதே தொடரை அதே துளசியுடன் மறுபடியும் ஆரம்பித்தது.

நம் நாட்டில் பார்வையாளர்கள் ஒரு முறை முழு வெற்றி பெற்றார்கள். அவர்கள் மிக எளிய மக்கள். ராமானந்த் சாகர், குஜராத் எல்லையிலுள்ள உம்பர்காவில் படமாக்கிய ‘ராமாயணம்’ 1987 ஜனவரி முதல் ஞாயிறுதோறும் தூர்தர்ஷனில் ஒளிபரப்பாகி, 1988 ஜூலை இறுதியில் பட்டாபிஷேகத்தோடு நிறைவுற்றது. மாதுங்காவில் தமிழ் மாமிகள் ஹிந்தி வசனத்தை முழுவதும் அறியாமலே, குளித்து விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்து பார்த்த தொடர் அது. ஆனால் உத்தர காண்டம் காட்டப்படாது என்று அறிந்தபோது, வால்மீகி முனிவரைத் தம் குலகுருவாகப் போற்றும் துப்புரவுத் தொழிலாளர்கள் ஜலந்தரில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஆதரவற்ற சீதைக்கு அடைக்கலம் தந்து, அவள் மைந்தர்களை வளர்த்து வித்தை கற்பித்த தங்கள் முனிவர் திரையில் தோன்றாமலே கதை முடிவதை அவர்கள் ஏற்கவில்லை. வேலைநிறுத்தம் வடநாட்டின் பிற நகரங்களுக்கும் பரவியது, தெருக்களில் குப்பை மலிந்து நோய் பரவும் என்ற அச்சம் எழுந்தது, அரசாங்கம் இணங்கியது. அவ்வாண்டு அக்டோபர் முதல் லவகுசர்களின் கதை ஒளிபரப்பாயிற்று. அத்தொழிலாளர்களின் பெயர்கள் சரித்திரத்தில் இல்லை. ஆனால் ஒரு கதையின் மீது மக்களுக்கு உள்ள உரிமையை அவர்களைப்போல் தெளிவாக நிலைநாட்டியவர்கள் நம் நாட்டில் வேறு எவரும் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

அயல்நாடுகளில் இதற்கு வேறு முன்மாதிரிகள் உண்டு. 2007-இல் அமெரிக்காவின் சி.பி.எஸ். அலைவரிசை ‘ஜெரிகோ’ தொடரை நிறுத்தியபோது, ரசிகர்கள் அந்நிறுவனத்திற்கு ஏறத்தாழ 20 டன் நிலக்கடலையை அனுப்பித் தங்கள் அதிருப்தியைத் தெரிவித்து, மேலும் ஏழு பகுதிகளைப் பெற்றார்கள். மும்பையிலும் சில காட்சிகள் படமாக்கப்பட்ட ‘சென்ஸ்8’ தொடரை நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2017 ஜூன் முதல் தேதியில் ரத்து செய்தது. உலகெங்கிலுமிருந்து வந்த வேண்டுகோள்களுக்குப் பின் அதே மாத இறுதியில், இரண்டு மணிநேர இறுதிப் பகுதி ஒன்றைத் தருவதாக அறிவித்து, 2018 ஜூன் 8-இல் அதை வெளியிட்டது. தொடரை நிரந்தரமாக நடத்த அது சம்மதிக்கவில்லை. நஷ்டத்தில் நடத்துமாறு எவரும் கேட்கவும் முடியாது. கதை முடிக்கப்பட்டது, அவ்வளவே ரசிகர்கள் வேண்டியதும்.

தமிழ் அலைவரிசைகளிடமும் நாம் வேண்டுவது அதுதான். விளம்பரம் குறைந்தால் தொடரை நிறுத்துங்கள்; அது உங்கள் சுதந்திரம். ஆனால் நிறுத்துவதற்கு ஒரு மாதம் முன்னரே பார்வையாளருக்கு அறிவியுங்கள். தயாரிப்பாளரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்திலேயே, எக்காரணத்தால் நின்றாலும் முடிவுக்கென்று ஆறு பகுதிகளேனும் ஒளிபரப்பப்படும் என்ற ஷரத்தைச் சேருங்கள். ஆயிரம் பகுதிகளுக்கு இடம் கொடுத்தவர்களுக்கு ஆறு பகுதிகள் பெரிய பாரமல்ல.

வாசகர்களே, உங்கள் மனத்துக்கு உகந்த ஒரு தொடர் பாதியில் நின்றிருந்தால், அண்டை வீட்டாரோடு பேசி ஆறுதலடைந்துவிடாதீர்கள். சம்பந்தப்பட்ட அலைவரிசைக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் உங்கள் கையால் கடிதம் எழுதி, கதையின் முடிவைக் கேளுங்கள். தாராவி, மாதுங்கா, செம்பூர் என்று உங்கள் பகுதியின் பெயரையும் அஞ்சல் எண்ணையும் அதில் தவறாமல் குறிப்பிடுங்கள். வாராந்தரப் பட்டியலில் சேராத நம் வீடுகளை அவர்கள் அறிந்துகொள்ள இப்போதைக்கு வேறு வழியில்லை.