ஜேசனின் பேஸ் எங்கே போச்சு?

2011 அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை. பெங்களூரு அரண்மனை மைதானத்தில் மெட்டாலிகா என்ற ஹெவி மெட்டல் இசைக்குழுவின் கச்சேரி. இரண்டு நாள் முன்பு குர்கானில் நடக்கவேண்டியது கடைசி நேரத்தில் ரத்தாகிவிட, இந்தியாவில் அவர்கள் முதன்முதலாக வாசித்த ஊர் பெங்களூரு என்றானது. சென்னையிலிருந்து ரயிலில் போன கறுப்பு டி-ஷர்ட்காரர்கள் ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை வழியாகத்தான் போயிருக்க வேண்டும். அந்தப் பாதையில் இடது கைப் பக்கம் நெடுந்தூரம் கூடவே வருவது ஜவ்வாது மலை.

மெட்டாலிகா ரசிகர்கள் இரண்டு பேர் ஒரே பெட்டியில் உட்கார்ந்தால் ஜோலார்பேட்டை வருவதற்குள் கட்டாயம் எழும் வழக்கு ஒன்று உண்டு. 1988-ல் வந்த 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பத்தில் பேஸ் கிட்டார் எங்கே?

விளையாட்டுக் கேள்வியில்லை. அந்த ஆல்பத்தை யார் கேட்டாலும் டிரம்ஸ் காய்ந்த பலகையில் அடித்தாற்போல 'டக் டக்' என்று கேட்கும், கிட்டார்கள் ரம்பம்போல அறுக்கும். அடியில் தாங்கிப் பிடிக்கவேண்டிய கனத்த நாதம் மட்டும் இருக்காது. இசைக்குழுவின் பழைய பேஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் 1986 செப்டம்பரில் சுவீடனில் பஸ் விபத்தில் இறந்துபோனார். அவர் இடத்துக்கு வந்த ஜேசன் நியூஸ்டெட் முழுநீள ஆல்பத்துக்கு வாசித்தது இதுதான் முதல் தடவை. பையன் ஒழுங்காகத்தான் வாசித்திருக்கிறான், கேட்கத்தான் இல்லை. ஆல்பத்தை மிக்ஸிங் செய்த ஸ்டீவ் தாம்ப்சன், டிரம்மர் லார்ஸ் அல்ரிச் சொல்லித்தான் பேஸைக் குறைத்ததாகப் பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். ஓயாத சுற்றுப்பயணத்தில் காதுகள் களைத்திருந்தன என்பது பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு தரப்பு விளக்கம். கிட்டார் போகிற வழியிலேயே ஜேசனும் போனதால் அவர் நாதம் அதற்குள் கரைந்துவிட்டது என்பாரும் உண்டு. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கலாம்.

ஆகவே 2018 நவம்பரில் இதே ஆல்பம் ரீமாஸ்டர் ஆகி வருகிறது என்றதும் உலகம் முழுக்க ரசிகர்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். முப்பது வருஷ வழக்குக்குத் தீர்ப்பு வந்துவிடும் என்ற நம்பிக்கை. ஆல்பம் வந்தது, ஒலி முன்னைவிட நிமிர்ந்திருந்தது. பேஸ் வரவில்லை.

ஏமாந்தவர்கள் திட்டினார்கள். அந்தத் திட்டில் பாதி, ரீமாஸ்டர் என்றால் என்ன என்று தெரியாததால் வந்தது. ஸ்டூடியோவில் டிரம்ஸ், பேஸ், கிட்டார், குரல் எல்லாம் தனித்தனித் தடங்களில் பதிவாகும். எது எவ்வளவு கேட்கவேண்டும் என்று அளவு பார்த்து ஒன்றாக்குவது மிக்ஸிங். அப்படி ஒன்றான பதிவை எடுத்து, மொத்தமாக அதன் கனம், பளபளப்பு, சத்த அளவு ஆகியவற்றைச் சீர்செய்து குறுந்தகட்டுக்கோ இசைத்தட்டுக்கோ தயார் செய்வது மாஸ்டரிங். சாம்பார் கொதித்து இறக்கியாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடாக்கலாம், மேலே கொஞ்சம் தாளித்துக் கொட்டலாம். பெருங்காயம் போடாமல் கொதித்ததே என்று யாரையும் கேட்கமுடியாது. பேஸ் வேண்டும் என்றால் பழைய தடங்களைத் தேடியெடுத்து மறுபடி முதலிலிருந்து மிக்ஸ் செய்யவேண்டும். அந்த ஆல்பம் அந்தக் காலத்தின் பதிவு, அது அப்படியே இருக்கட்டும் என்பது மெட்டாலிகாவின் நிலை.

ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. சில பாடல்கள் வீடியோ கேம்களில் வாத்தியம் வாத்தியமாகப் பிரிந்த தடங்களோடு வந்திருந்தன. அதிலிருந்து ஜேசனின் வாசிப்பை உருவி, தாங்களே ஒலி கூட்டி, 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஜேசன்' என்று பெயரிட்டு உலவவிட்டார்கள். கேட்டவர்களில் சிலர் இதுதான் அசல் என்றார்கள். வேறு சிலர் முகம் சுளித்தார்கள். அந்த வறண்ட சத்தத்தோடுதான் அவர்கள் கல்லூரிக் காலம் கழிந்தது. அதை யாரோ ஈரமாக்கிவிட்டது பிடிக்கவில்லை.

நம்மூர்க்காரர்களுக்கு இது புரியாத மனநிலை இல்லை. கேசட் காலத்தில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் பதிவு செய்து தரும் கடைகள் ஊருக்கு நாலு இருந்தன. கடைக்காரர் ஈக்வலைசரில் பேஸைத் தூக்கிவிட்டிருப்பார். அதில் கேட்டு வளர்ந்த காதுக்கு இளையராஜாவின் பாட்டை இன்று பளிச்சென்று சுத்தம் செய்து போட்டால், 'என்னவோ குறையுதே' என்றுதான் தோன்றும். குறைந்தது பெரும்பாலும் கடைக்காரரின் கைவண்ணம்.

ஹெவி மெட்டலில் இதைவிட மோசமான வேலைகளும் நடந்திருக்கின்றன. ஆஸி ஆஸ்போர்னின் முதல் இரண்டு தனி ஆல்பங்கள், 'பிளிஸார்ட் ஆஃப் ஆஸ்', 'டைரி ஆஃப் எ மேட்மேன்', 2002-ல் மறுபடி வெளியாயின. அசலில் பேஸ் வாசித்தவர் பாப் டெய்ஸ்லி, டிரம்ஸ் லீ கெர்ஸ்லேக். இருவரும் பங்குத்தொகை கேட்டு வழக்குப் போட்டிருந்தார்கள். மறுவெளியீட்டில் அவர்கள் வாசிப்பையே அழித்துவிட்டு, வேறு இரண்டு பேரைக் கொண்டு புதிதாக வாசிக்கவைத்துச் சேர்த்தார்கள். பேஸ் வாசித்தவர் ராபர்ட் ட்ரூஹியோ. அடுத்த வருஷமே அவர் மெட்டாலிகாவில் சேர்ந்தார். பெங்களூரில் மேடையேறியதும் அவர்தான். ரசிகர்கள் விட்ட வசவுக்குப் பலன் கிடைக்க 2011 ஆயிற்று. அந்த வருஷ வெளியீட்டில் பழைய வாசிப்பு திரும்பிவந்தது. கேட்பவர்கள் ஜெயித்த அபூர்வ வழக்கு இது.

ரீமாஸ்டர்களைப் பற்றிய பொதுவான புகார் வேறொன்று: சத்தம். இதற்கு ஜவ்வாது மலைக்கே ஏறிவிடலாம்.

ஆலங்காயத்திலிருந்து மலைப்பாதையில் போனால் காவலூர். வானியல் அறிஞர் வைணு பாப்பு 1960-களில் வானாய்வகம் அமைக்க அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது இருட்டுக்காக. சுற்றிலும் காடு, பெரிய ஊரின் விளக்கு வெளிச்சம் எட்டாத உயரம். 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கும் நேரம் அங்கிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கி அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. மறைப்பதற்குச் சற்று முன்பே விண்மீனின் ஒளி கணநேரம் மங்கி மீண்டது பதிவாயிற்று. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்தது இத்தகைய மங்கல்களை வைத்துத்தான். பக்கத்தில் ஒரு சோடியம் விளக்கு எரிந்திருந்தால் அந்த மங்கல் தெரிந்திருக்குமா?

ஒலியிலும் அதேதான். பாட்டில் மெல்லிய இடம் மெல்லியதாக இருந்தால்தான் இடி விழும்போது இடியாகக் கேட்கும். குறுந்தகட்டில் மிகச் சன்னமான ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபல் இடைவெளி வைக்க முடியும். 1990-களிலிருந்து நிறுவனங்கள் அந்த இடைவெளியை நசுக்கி, எல்லாவற்றையும் கூரை உயரத்துக்குத் தூக்கிவிட்டன. 'எங்கள் பாட்டு அடுத்தவன் பாட்டைவிடச் சத்தமாகக் கேட்கவேண்டும்' என்ற போட்டி. கணினித் திரையில் அந்தப் பாட்டின் ஒலியலையைப் பார்த்தால் மேடு பள்ளம் இல்லாமல் செங்கல் சுவர்போல நிற்கும். 2008-ல் மெட்டாலிகாவின் 'டெத் மேக்னட்டிக்' இப்படி நசுங்கி வந்தபோது பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் கையெழுத்துப் போட்டு மறுபடி செய்துகொடு என்று கேட்டார்கள். அதே பாட்டுகள் கிட்டார் ஹீரோ என்ற வீடியோ கேமில் நசுங்காமல் வந்திருந்ததுதான் அவர்கள் கையிலிருந்த சாட்சி. விளையாட்டுச் சாமானில் இருந்த ஒலி, காசு கொடுத்து வாங்கிய தகட்டில் இல்லை!

காதை நம்பியும் தீர்ப்பு சொல்லமுடியாது என்பதுதான் இதில் சிக்கல். சத்தம் கூடினால் காதுக்கு அடிநாதமும் மேல்நாதமும் கூடியதுபோலத் தோன்றும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே இதை அளந்து சொல்லிவிட்டார்கள். புது ரீமாஸ்டரைப் போட்டதும் 'ஆகா, என்ன தெளிவு' என்று தோன்றுவதில் பாதி இந்த ஏமாற்றுதான். ஸ்பாடிஃபை போன்ற செயலிகள் இப்போது எல்லாப் பாட்டையும் ஏறக்குறைய ஒரே சத்த அளவுக்கு இறக்கித்தான் ஒலிபரப்புகின்றன. நசுக்கியவனுக்கு இனி லாபம் இல்லை, நசுங்கல் மட்டும் மிச்சம்.

பழைய பதிப்பையும் புதியதையும் ஒப்பிட நினைப்பவர்கள் புதியதன் வால்யூமைக் கொஞ்சம் குறைத்து, இரண்டும் ஒரே அளவு கேட்கும்படி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். 'ஜஸ்டிஸ்' என்றால் 'ஒன்' பாடலைப் போடுங்கள். போர்ச்சத்தம் அடங்கி, தனிக் கிட்டார் மெதுவாக நடந்துவரும் அந்த முதல் சில நிமிடங்கள் போதும். 1988-ன் குறுந்தகடு கீறல் விழாமல் உங்களிடம் இருந்தால் ரீமாஸ்டருக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.