ஆடுகளமும் நாவடக்கமும்

ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். வகுப்பறைக் கூச்சலை அடக்கும் கலையை ஓரளவு அறிந்தவன் என்று என்னைப் பற்றி எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தைச் சென்ற ஆண்டு என் பேரன் அசைத்துவிட்டான்.

அவன் பத்தாம் வகுப்பு மாணவன். வீட்டில் அதிர்ந்து பேசாதவன். இணையவழியாகப் பலர் கூடி ஆடும் விளையாட்டில் நாட்டம் உடையவன். ஒரு நாள் மாலை முகம் வாடி அமர்ந்திருந்தான். காரணம் கேட்டேன். "தாத்தா, ஏழு நாள் ஆட்டத்தில் யாரோடும் நான் பேசக்கூடாதாம். எதற்காக என்று சொல்லவில்லை. அன்று எல்லாரும்தான் பேசினார்கள்" என்றான். துருவிக் கேட்டபோது, தோற்ற ஆத்திரத்தில் தன் அணியாளன் ஒருவனைத் தகாத சொல்லால் ஏசியது வெளிப்பட்டது.

நேயர்களே, இவ்வாட்டங்களில் ஆடுவோர் ஆடிக்கொண்டே எழுத்தாலும் குரலாலும் பேசிக்கொள்ளலாம். "இந்தப் பக்கம் வா", "அங்கே காவல் நில்" என்று துணை புரிவதற்கே அவ்வசதி அமைந்தது. ஆனால் பேசுவோர் ஒருவர் முகத்தை ஒருவர் காண்பதில்லை. ஆட்டம் முடிந்தபின் மீண்டும் சந்திப்பதும் அரிது. ஆகவே நாக்குக் கட்டவிழ்கிறது. அதனைக் கண்காணித்து எல்லைக்குள் நிறுத்தும் பணியையே மட்டுறுத்தல் என்கிறோம்.

மட்டுறுத்தலில் எளிய முறை, தீய சொற்களின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு அவற்றை மறைப்பது. ஓர் எழுத்தை மாற்றி எழுதினால் பட்டியல் ஏமாந்துவிடும். நம் பிள்ளைகள் தமிழ் வசையை ஆங்கில எழுத்தில் எழுதினால் அதற்குப் பெரும்பாலும் ஒன்றும் புரியாது. நண்பர்கள் கேலியாகச் சொல்லும் சொல்லோ வீணாக அகப்பட்டுக்கொள்ளும். சொல் ஒன்றேயாயினும் சொல்பவன், கேட்பவன், சொல்லும் நேரம் ஆகியவற்றால் பொருள் வேறுபடும் அன்றோ?

இத்துறையில் பயன் தரும் பாடம் ஒன்று அமெரிக்காவிலிருந்து கிடைத்தது. ரயட் கேம்ஸ் என்னும் நிறுவனம் 2009-ஆம் ஆண்டில் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. ஐவர்க்கு ஐவர் என இரு அணிகள் பொரும் ஆட்டம் அது. வசைமொழி பெருகவே, 2011-இல் ஆடுவோரையே நடுவர்களாக்கும் மன்றம் ஒன்றை நிறுவினர். குற்றம் சாட்டப்பட்டவரின் உரையாடலைப் பிற ஆட்டக்காரர் படித்து, தண்டிக்கலாமா மன்னிக்கலாமா என்று வாக்களித்தனர். முறை நல்லதே; ஆனால் தீர்ப்பு வருவதற்குள் காலம் கடந்தது. 2014-இல் மன்றம் மூடப்பட்டது.

இதற்கிடையே அவர்கள் கண்ட உண்மைகள் மூன்று. முதலாவது, எதிரணியோடு பேசும் வசதியை வேண்டுவோர் மட்டும் திறந்துகொள்ளும்படி மூடி வைத்தபோதே தீய பேச்சு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

இரண்டாவது உண்மை என்னை வியப்பில் ஆழ்த்தியது. ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி நஞ்சு என்பது நம் பழமொழி. அத்துளியை நீக்கிவிட்டால் தீர்ந்தது என்றே நான் கருதியிருந்தேன். ஆனால் எப்போதும் தீயவராக நடந்தவர் நூற்றுக்கு 1 விழுக்காட்டினரே; மொத்த வசையில் அவர்கள் பங்கு 5 விழுக்காடு அளவேயாம். எஞ்சியதில் பெரும்பகுதி, என்றோ ஒருநாள் மனம் நொந்திருந்த சாதாரண மனிதர் வாயிலிருந்து வந்தது. என் பேரனைப் போன்றோரிடமிருந்து என்று சொல்லலாம்.

மூன்றாவது உண்மை தண்டனையைப் பற்றியது. காரணம் கூறாது தடுக்கப்பட்டோரில் 50 விழுக்காட்டினர் திருந்தினர். காரணம் கூறியபோது அது 65 ஆயிற்று. அவர்கள் எழுதிய சொற்களையே எடுத்துக் காட்டியபோது 70 ஆயிற்று. 2015-இல், ஆட்டம் முடிந்த கால் மணி நேரத்திற்குள் கணிப்பொறியே சான்றோடு அறிவிப்பு அனுப்பும் முறையைச் சோதித்தனர்.

இதைப் படித்தபோது பழைய நிகழ்ச்சி ஒன்று என் நெஞ்சில் தைத்தது. நான் இளம் ஆசிரியனாயிருந்த காலத்தில், வகுப்பில் சிரித்த மாணவன் ஒருவனை, "வெளியே போ" என்று இரண்டு நாள் நிறுத்திவிட்டேன். காரணம் கூறவில்லை, அவன் கூறவும் விடவில்லை. திரும்பி வந்தவன் ஒழுங்காகத்தான் இருந்தான். ஆனால் அதன்பின் என் வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. நான் அவனைத் திருத்தவில்லை, ஊமையாக்கினேன்.

ஆகவே மட்டுறுத்தல் சிறக்க வேண்டுமாயின், விதி முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அறிவிப்பு உடனே வர வேண்டும். எந்தச் சொல்லுக்காக என்பது காட்டப்பட வேண்டும். தவறாகத் தண்டிக்கப்பட்டவன் முறையிட வழி வேண்டும். கணிப்பொறி ஐயுறும் இடத்தில் அம்மொழி அறிந்த மனிதர் பார்க்க வேண்டும். இவையனைத்தும் நல்ல வகுப்பறைக்கும் உரிய இலக்கணங்களே.

ஏழு நாள் கழிந்ததும் என் பேரன் தான் ஏசியவனிடம் மன்னிப்புக் கேட்க விரும்பினான். ஆனால் அவன் யார், எவ்வூரினன், சிறுவனா பெரியவனா என்பதொன்றும் தெரியவில்லை. "இனி யாரிடம் போய்க் கேட்பது, தாத்தா?" என்றான். என் பழைய மாணவன் இருக்குமிடமும் எனக்குத் தெரியாது. இருவரும் சிறிது நேரம் பேசாதிருந்தோம்.