புகை ஏன் திரும்பி வருகிறது?

அடுப்பு மூட்டியதும் புகை சமையல் அறைக்குள்ளேயே சுற்றுகிறதா? ஊதி ஊதிக் கண் சிவந்து போகிறதா? "விறகு ஈரம்" என்று விறகுக் கடைக்காரரைத் திட்டாதீர்கள். கூரைக்கு மேலே போகும் குழாயை முதலில் பாருங்கள்.

குழாய் வைத்த அடுப்பைப் "புகையில்லா அடுப்பு" என்பார்கள். ஐதராபாத் என்ஜினீயர் எஸ்.பி.ராஜு இதைப் பற்றி எழுதிய புத்தகம் 1953-ல் வெளிவந்தது. 1983-ல் மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியது. 2002-ல் அது முடிவதற்குள் 3 கோடிக்கும் அதிகமான அடுப்புகள் கொடுக்கப்பட்டன. ஆனால் பல அடுப்புகள் சீக்கிரமே மூலைக்குப் போயின. குழாயைச் சுத்தம் செய்யாததும் அதற்கு ஒரு காரணம். அடுப்பைக் கட்டிக் கொடுத்தார்கள். கரியைத் தட்டுவது எப்படி என்று பல இடங்களில் சொல்லிக் கொடுக்கவில்லை!

கரி செய்யும் வேலை

சூடான காற்று லேசானது. குழாய் வழியாக மேலே ஏறும். ஏறும்போது புகையையும் இழுத்துக் கொண்டு போகும். கரி படிந்தால் இந்த இழுப்பு குறைந்துவிடும்.

குழாயின் குறுக்களவு 4 அங்குலம் என்று வைத்துக் கொள்வோம். உள்ளே சுற்றிலும் அரை அங்குலம் கரி படிந்தால் மீதி 3 அங்குலம். "முக்கால் பங்கு இருக்கிறதே!" என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால், புகை போகும் வழியில் பாதிக்குக் கொஞ்சம் அதிகம்தான் மிஞ்சும்.

ஈர விறகு எரித்தால் தார் போன்ற பசையும் ஒட்டும். தீப்பொறி பட்டால் அது குழாய்க்குள்ளேயே பற்றி எரியும். கீற்றுக் கூரை வீடானால் கேட்க வேண்டுமா?

இன்னொரு எமன் கண்ணுக்குத் தெரியாது. அதுதான் கார்பன் மோனாக்சைடு வாயு. நிறம் இல்லை, வாசனை இல்லை. தலைவலி, மயக்கம் வரும், உயிரும் போகும். மழைக்காலத்தில் கதவு ஜன்னல்களைச் சாத்திவிட்டு அடுப்புத் தணலோடு படுக்காதீர்கள்.

சுத்தம் செய்வது எப்படி?

அடுப்பும் சாம்பலும் நன்றாக ஆறியிருக்க வேண்டும். அடுப்பு வாயை ஈரச் சாக்கால் மூடுங்கள். மூக்கில் துணி கட்டிக் கொள்ளுங்கள். குழாயின் மேல் மூடியைக் கழற்றுங்கள். குருவிக் கூடு, சருகு இருந்தால் எடுத்துவிடுங்கள்.

கயிற்றின் நுனியில் ஒரு கல் கட்டுங்கள். கல்லுக்கு மேலே, குழாய் அளவுக்குத் தேங்காய் நாரைச் சுற்றுங்கள். அதைக் குழாயில் விட்டு இறக்கி ஏற்றினால் கரி கொட்டும். அடியில் உள்ள துவாரம் வழியாக வாரி எடுங்கள். பிறகு அந்தத் துவாரத்தில் ஒரு கண்ணாடியைச் சாய்த்துப் பிடியுங்கள். வானம் வட்டமாகத் தெரிந்தால் வழி திறந்துவிட்டது.

ஓட்டின் மேலோ, சிமெண்டுத் தகட்டின் மேலோ ஏறி நிற்காதீர்கள், உடைந்துவிடும். ஆஸ்பெஸ்டாஸ் குழாயானால் சுரண்டவே வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். குழாயை மாற்றிவிடுவதே நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் புகை திரும்புகிறதா? குழாய் கூரை முகட்டைவிடத் தாழ்வாக இருக்கிறதா பாருங்கள். முகட்டில் மோதிப் புரளும் காற்று புகையைக் கீழே தள்ளும். அப்போது குழாயை உயர்த்த வேண்டியதுதான்.