இறந்தோர் பெயரில் திருமுழுக்கா?

மார்மோன் சபையார் இறந்தவருக்குப் பதிலாக உயிரோடிருக்கும் ஒருவரை நீரில் மூழ்கச் செய்து திருமுழுக்குக் கொடுக்கிறார்கள். காந்தியடிகள் பெயரிலும் இப்படி நடந்ததாக 2012இல் செய்தி வந்தது. இறந்தவரின் ஆன்மா அதை ஏற்கலாம், மறுக்கலாம் என்பது அவர்கள் விளக்கம். அன்பினால் செய்கிறார்கள் என்றே கொள்வோம். ஆனால் கேட்காதவர் பெயரில் பில் போட்டால் காதர்பேட்டை வியாபாரிகூட ஏற்கமாட்டார். நம்பிக்கை அதைவிடப் பெரிதல்லவா?

2008இல் வத்திக்கான், பங்குப் பதிவேடுகளை அவர்களிடம் கொடுக்க வேண்டாம் என்று ஆயர்களைக் கேட்டுக்கொண்டது.

நம்மில் பலருக்குத் திருமுழுக்குப் பெறாமல் இறந்த அப்பாவோ பாட்டியோ உண்டு. கலங்க வேண்டாம். அவர்களுக்காகவும் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம். திருச்சபைச் சட்டம் 901 அதற்கு இடமளிக்கிறது. அவர்கள் வாழ்ந்த வாழ்வை நாம் திருத்தி எழுதுவதில்லை; இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்கிறோம். ஆமென்.