ஒரு புள்ளி, அரை வினாடி

ஊருணி: திறமூல மென்பொருளின் கதை – 9

நிரலின் ஒரு வரியில் தன்னந்தனியாக ஒரு முற்றுப்புள்ளி. முன்னால் ஒன்றுமில்லை, பின்னாலும் ஒன்றுமில்லை. பார்த்தவர்கள் திரையில் ஒட்டிய தூசி என்று துடைத்திருப்பார்கள். 2024 பிப்ரவரி 26 அன்று எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்ற மென்பொருளின் மூலநிரலில் அந்தப் புள்ளி வந்து உட்கார்ந்தது.

எக்ஸ்இசட்டின் வேலை பெரிய கோப்பை அமுக்கிச் சின்னதாக்குவது. லினக்ஸ் ஓடும் கணினிகளில் அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கும். லினக்ஸில் ‘லேண்ட்லாக்’ என்றொரு பாதுகாப்பு வசதி உண்டு. ஒரு நிரல் தன் கைக்குத் தானே விலங்கு மாட்டிக்கொண்டு, “இந்த வேலைக்குத் தேவையானதைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன்” என்று சொல்வது போன்றது அது. மென்பொருளைத் தொகுக்கும்போது, இந்தக் கணினியில் லேண்ட்லாக் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு குட்டிச் சோதனை நிரலை முதலில் தொகுத்துப் பார்ப்பார்கள். பிழையில்லாமல் முடிந்தால் வசதி இருக்கிறது. பிழை வந்தால் இல்லை. புள்ளி வைக்கப்பட்டது அந்தக் குட்டி நிரலுக்குள். அந்தச் சோதனையை நம்பித் தொகுக்கும் எந்தக் கணினியிலும் இனி பிழைதான் வரும். “வசதி இல்லை போலிருக்கிறது” என்று விலங்கு மாட்டாமலே நிரல் ஓடும்.

புள்ளியை வைத்தது வெளியாள் அல்ல. அந்த மென்பொருளின் பராமரிப்பாளர்களில் ஒருவர்.

சென்ற வாரம் உரிமங்களைப் பார்த்தோம். எடுத்துப் பயன்படுத்துபவர் என்னென்ன செய்யலாம் என்று சொல்பவை அவை. இந்த வாரம் மறுபக்கம். கொடுக்க வருபவர் எப்படிக் கொடுக்க வேண்டும், வாங்கிச் சேர்ப்பவருக்கு என்ன பொறுப்பு என்பதுதான் விஷயம்.

திறமூலம் என்றதும் யார் வேண்டுமானாலும் உள்ளே புகுந்து எழுதலாம் என்று பலர் நினைக்கிறார்கள். படிக்கலாம், நகலெடுக்கலாம், உங்கள் நகலை உங்கள் விருப்பம்போல் மாற்றலாம். மூலத்தில் கைவைக்க வேண்டுமென்றால் மட்டும் வாசலில் நின்று கேட்க வேண்டும். சில வீடுகளில் வாசலே திறக்காது. நம் எல்லோருடைய கைபேசிகளிலும் இருக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தை யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதை எழுதுவது ஒரு சிறு குழு மட்டுமே. திறந்த மூலம்தான், திறந்த பங்களிப்பு அல்ல என்று அவர்களே தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு திறமூலத் திட்டத்துக்கு அனுப்பிய முதல் திருத்தம் (‘பேட்ச்’ என்பார்கள்) இரண்டே நாளில் திரும்பி வந்தது. பிழை ஒன்றைச் சரிசெய்திருந்தேன். போகிற போக்கில் பக்கத்து வரிகளில் இருந்த எழுத்துப்பிழைகளையும் திருத்தி, கோணலாகத் தெரிந்த இடைவெளிகளையும் ஒழுங்குபடுத்தியிருந்தேன். பாராட்டு வரும் என்று காத்திருந்தவனுக்கு வந்தது ஒரே வரி: மூன்று வேலைகளை மூன்று பேட்ச்களாகப் பிரித்து அனுப்பவும். அன்றைக்குக் கோபம் வந்தது. பிறகு நானே மற்றவர்களின் பேட்ச்களைப் படிக்க உட்கார்ந்தபோதுதான் அந்த வரியின் அருமை தெரிந்தது. நூறு வரி இடைவெளித் திருத்தத்துக்கு நடுவில் ஒரு வரி உண்மையான மாற்றம் ஒளிந்திருந்தால் கண் அதைத் தாண்டிப் போய்விடும்.

ஒரு பேட்ச், ஒரு மாற்றம். பங்களிப்பு விதிகளில் இதுதான் அரிச்சுவடி. லினக்ஸின் உட்கருவான கர்னலின் விதிகள் இன்னும் நுணுக்கமானவை. என்ன செய்தாய் என்பதைவிட ஏன் செய்தாய் என்று எழுது. பழைய பிழையைத் திருத்துகிறாய் என்றால் அந்தப் பிழை எந்த மாற்றத்தோடு உள்ளே வந்தது என்று அடையாள எண்ணோடு குறிப்பிடு. கடைசியில் உன் பெயரும் மின்னஞ்சலும் போட்டுக் கையொப்ப வரி வை.

அந்தக் கையொப்ப வரிக்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. 2003-ல் எஸ்சிஓ என்ற அமெரிக்க நிறுவனம், தனக்குச் சொந்தமான யூனிக்ஸ் நிரல் லினக்ஸுக்குள் போய்விட்டது என்று சொல்லி ஐபிஎம்மை நீதிமன்றத்துக்கு இழுத்தது. எந்த வரி யாரிடமிருந்து வந்தது என்று காட்டத் தடம் வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. 2004-ல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இந்த வரியைக் கொண்டுவந்தார். “இதை நான் எழுதினேன், அல்லது கொடுக்க உரிமையுள்ள இடத்திலிருந்து பெற்றேன்” என்பது அதன் பொருள். பேட்ச் ஒவ்வொரு பராமரிப்பாளர் கையாக மேலே போகும்போது அவரவரும் கீழே தம் பெயரைச் சேர்ப்பார்கள். பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து போல வரிசையாக நிற்கும்.

விதிகள் அனைத்தும் கொடுப்பவரைப் பார்த்துப் பேசுகின்றன. வாங்குபவரைப் பற்றிப் பேசுவது கர்னலின் மூலநிரலோடு வரும் இன்னொரு கோப்பு. பராமரிப்பாளர் பட்டியல் என்று அதைச் சொல்லலாம். கர்னலின் எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று ஆயிரக்கணக்கான வரிகளில் அதில் எழுதியிருக்கும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிலைக்குறிப்பு உண்டு. சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருவர் இதைப் பார்த்துக்கொள்கிறார் என்பது ஒரு நிலை. ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்று மட்டும் சொல்வது அடுத்தது. ஆள் இருக்கிறார், நேரம்தான் இல்லை என்பது மூன்றாவது. நான்காவதன் பெயர் ‘அநாதை’. யாரும் இல்லை, முடிந்தால் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொருள்.

மென்பொருள் உலகில் இவ்வளவு நேர்மையான ஆவணத்தை நான் பார்த்ததில்லை. எக்ஸ்இசட்டுக்கு இப்படி ஒரு குறிப்பு எழுதியிருந்தால் 2022-ல் அது மூன்றாவது நிலையில் இருந்திருக்கும்.

எக்ஸ்இசட்டை எழுதியவர் பின்லாந்தைச் சேர்ந்த லாஸே காலின். 2010-ல் 5.0 பதிப்பு வந்தது. லினக்ஸ் வழங்கல்கள் ஒவ்வொன்றாக அதை எடுத்துக்கொண்டன. உலகமே எடுத்துக்கொண்ட பிறகும் பராமரிப்பு ஏறக்குறைய அவர் ஒருவர் தோளில்தான் இருந்தது.

2021 அக்டோபரில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்தார். முதலில் அனுப்பியது மிகச் சாதாரணமான பேட்ச். நிரல் எழுதும் செயலிகளுக்கு இடைவெளி அமைப்புகளைச் சொல்லும் ஒரு சின்னக் கோப்பு. பிறகும் அனுப்பினார். உருப்படியான திருத்தங்கள். சொன்னபடி மாற்றிக் கொடுத்தார், பொறுமையாகப் பதில் சொன்னார். எந்தப் பராமரிப்பாளரும் வேண்டிக் காத்திருக்கும் ஆள்.

2022 வசந்தத்தில் வேறு சில பெயர்கள் திட்டத்தின் மின்னஞ்சல் குழுவில் முளைத்தன. பேட்ச்கள் மாதக்கணக்கில் கிடக்கின்றன, இந்த வேகத்தில் எதுவும் நடக்காது, வேறு பராமரிப்பாளரைப் போடுங்கள் என்று மாற்றி மாற்றி நச்சரித்தார்கள். காலின் பொறுமையாகப் பதில் எழுதினார். ஆர்வம் போய்விடவில்லை, ஆனால் நெடுநாளாக இருக்கும் மனநலச் சிக்கல்களால் முன்போல் கவனிக்க முடியவில்லை. இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்பதையும் நினைவில் வையுங்கள் என்பது அந்தப் பதிலின் சாரம். ஜியா டானுக்கு இனி பெரிய பொறுப்பு வரலாம் என்றும் குறிப்பிட்டார். நச்சரித்த பெயர்கள் காரியம் முடிந்ததும் காணாமல் போயின. வேறெங்கும் அவற்றுக்குத் தடம் இல்லை.

சாவிகள் ஒவ்வொன்றாகக் கை மாறின. 2023 தொடக்கத்தில் ஜியா டான் மூலநிரலில் நேரடியாக மாற்றங்களைச் சேர்க்க ஆரம்பித்திருந்தார். திறமூல நிரல்களை ஓயாமல் சோதித்துப் பிழை பிடிக்கும் ஒரு சேவையை கூகுள் நடத்துகிறது. அந்த மார்ச் மாதம், எக்ஸ்இசட்டில் பிழை கண்டால் தகவல் போக வேண்டிய முகவரியாகத் தன்னுடையதைக் கொடுத்தார். புதிய பதிப்புகளை வெளியிடும் வேலையும் அவரிடம் வந்தது.

2024 பிப்ரவரியில் 5.6.0, மார்ச்சில் 5.6.1. இரண்டிலும் ஒரு கள்ளக் கதவு. அது ஒளிந்திருந்த இடம் அபாரமானது. சுருக்கும் மென்பொருளைச் சோதிக்க வேண்டுமென்றே கெடுத்து வைத்த மாதிரிக் கோப்புகள் வேண்டும். அவற்றைத் திறந்தால் குப்பையாகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். குப்பையென்று யாரும் கிளறாத அந்தக் கோப்புகளில் நஞ்சை வைத்துவிட்டு, அதை வெளியே எடுக்கும் திறவுகோலை எல்லோரும் பார்க்கும் மூலநிரல் களஞ்சியத்தில் வைக்காமல், வெளியீட்டுக்கென்று கட்டிய பொட்டலத்தில் மட்டும் வைத்தார்கள். படிப்பவர் படிப்பது ஒன்று, நிறுவுபவர் நிறுவுவது வேறொன்று. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சேவை சில லினக்ஸ் வழங்கல்களில் சுற்றுவழியாக எக்ஸ்இசட்டின் நூலகத்தை இழுத்துக்கொள்ளும். அந்த வழியாக, ரகசியச் சாவி வைத்திருப்பவர் கடவுச்சொல் இல்லாமலே உள்ளே வந்து எதையும் செய்ய முடியும்.

டெபியன், ஃபெடோரா ஆகிய வழங்கல்களின் சோதனைப் பதிப்புகளுக்குள்ளும், ஓபன்சூசேயின் தொடர் வெளியீட்டுப் பதிப்புக்குள்ளும் அது நுழைந்துவிட்டது. அதே மார்ச்சில், நான் சொன்ன அந்தக் கர்னல் பட்டியலிலேயே ஜியா டான் பெயரைச் சேர்க்கும் ஒரு பேட்சும் அனுப்பப்பட்டிருந்தது. உண்மை வெளிவந்ததால் அது ஏறவில்லை.

வெளிக்கொண்டுவந்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ன்ட். மைக்ரோசாஃப்டில் வேலை, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குபவர்களில் ஒருவர். தரவுத்தளத்தின் வேகத்தை அளப்பதற்காகக் கணினியில் சந்தடி இல்லாமல் பார்த்துக்கொள்ள முயன்றபோது, எஸ்எஸ்ஹெச் தேவைக்கு மேல் உழைப்பதைக் கவனித்தார். இருக்கவே இருக்காத பயனர் பெயரில் நுழைய முயன்றாலும் 0.3 வினாடியில் முடிய வேண்டியது 0.8 வினாடி இழுத்தது. அரை வினாடி. நாமாக இருந்தால் நெட் ஸ்லோ என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்போம். அவர் நூல் பிடித்துப் போனார். 2024 மார்ச் 29, புனித வெள்ளியன்று உலகத்துக்குச் சொன்னார். பாதுகாப்புக் குறைபாட்டின் தீவிரத்தை அளக்கும் அளவுகோலில் அதற்குக் கிடைத்த மதிப்பெண் பத்துக்குப் பத்து.

ஜியா டான் யார், ஒருவரா பலரா என்பதற்கு இன்றுவரை விடையில்லை.

பங்களிப்பு விதிகளைக் கடுமையாக்க வேண்டும் என்று உடனே குரல்கள் எழுந்தன. நியாயமான சில திருத்தங்கள் வேண்டியவைதான். வெளியீட்டுப் பொட்டலமும் களஞ்சியமும் ஒன்றா என்று ஒப்பிட வேண்டும். சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஜியா டான் விதி மீறி உள்ளே வந்தவர் அல்ல. பேட்சைப் பிரித்து அனுப்பினார், மரியாதையாகப் பேசினார், இரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருந்தார். விதிமுறைத் தேர்வு வைத்திருந்தால் முதல் வகுப்பில் தேறியிருப்பார். ஓட்டை கொடுப்பவருக்கான விதியில் இல்லை. எடுப்பவருக்கு விதியே இல்லாததுதான் ஓட்டை.

பெரும்பாலான திறமூல உரிமங்களில் ஒரு பத்தி தவறாமல் இருக்கும்: உள்ளது உள்ளபடி தருகிறோம், எந்த உத்தரவாதமும் இல்லை. எடுத்துக்கொள்பவர் அதை ஒப்புக்கொண்டுதான் எடுக்கிறார். எடுத்த பிறகு அந்தப் பத்தி மறந்துவிடுகிறது. எப்போது சரிசெய்வீர்கள், ஏன் தாமதம், முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுங்கள் என்று வாடிக்கையாளர் தொனி வந்துவிடுகிறது. எக்ஸ்இசட்டைத் தாக்கியவர்கள் புதிதாக ஆயுதம் செய்யவில்லை. எல்லாத் திட்டங்களிலும் அன்றாடம் கேட்கும் அந்தத் தொனியைக் கடன் வாங்கினார்கள். போலிப் பெயர்களில் வந்த நச்சரிப்பு காலினுக்கு உண்மையான நச்சரிப்பு போலவே தெரிந்ததென்றால், குற்றம் அவர் காதில் இல்லை.

இதற்கு ஏறக்குறையப் பத்து ஆண்டு முன்னால், 2014 ஏப்ரலில், ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தில் ‘ஹார்ட்பிளீட்’ பிழை வெளிப்பட்டது. இணையத்தின் பூட்டு போன்ற அந்த நூலகத்துக்கு முழுநேர ஆள் ஒருவர். ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். அப்போது பெரிய நிறுவனங்கள் கூடி நிதி திரட்டின. பேர் தெரிந்த திட்டங்களுக்குப் போன அந்தக் கவனம் எக்ஸ்இசட் போன்ற மூலைமுடுக்குகளை எட்டவில்லை.

மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்களுக்கு நீர்க்கட்டி என்றொருவர் இருப்பார். மடை திறப்பது, அடைப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பார்த்துப் பாய்ச்சுவது எல்லாம் அவர் வேலை. “உனக்கு இன்றைக்குத் தண்ணீர் இல்லை” என்று பெரிய சம்சாரியிடமும் சொல்வார். சொல்ல முடிந்ததற்குக் காரணம், அறுவடையானதும் அந்தத் தண்ணீரில் விளைந்தவர்கள் அத்தனை பேரும் களத்தில் அவருக்கு நெல் அளந்தார்கள். திறமூல உலகில் நீர்க்கட்டிகள் இருக்கிறார்கள். களத்தில் அளக்கத்தான் ஆளில்லை.

பராமரிப்பாளரின் முதல் பொறுப்பு ‘முடியாது’ என்று சொல்வது. நல்லெண்ணத்தோடு வரும் தேவையற்ற வசதியை, அவசரப்படுத்தும் பேட்சை, சாவி கேட்கும் கையை மறுப்பது. களைத்துப்போன, தனியாக விடப்பட்ட ஒருவரால் அதைச் சொல்ல முடியாது. அவருக்குத் தோள் கொடுக்க வரும் முதல் ஆளிடமே பாரத்தை இறக்கி வைக்கத்தான் தோன்றும். காலின் செய்ததும் அதுதான்.

விஷயம் வெளிவந்ததும் கிட்ஹப் தளம் எக்ஸ்இசட் களஞ்சியத்தை மூடியது. ஜியா டானின் கணக்கோடு காலினின் கணக்கையும் சேர்த்தே முடக்கியது. பிறகுதான் திருப்பித் தந்தது. அவர் அதற்காகக் காத்திருக்கவில்லை. மறுநாளே, மார்ச் 30 சனிக்கிழமை, தன் சொந்தத் தளத்தில் இருந்த மூலநிரலைத் திறந்து வரி வரியாகப் பார்க்க ஆரம்பித்தார். கள்ளக் கதவு நீக்கிய 5.6.2 பதிப்பு மே 29-ல் வந்தது. ஆனால் அந்த முதல் சனிக்கிழமையே அவர் கண்ணில் பட்டு, அன்றே அவர் கையால் நீங்கிய ஒன்று உண்டு.

அந்தப் புள்ளி.

(அடுத்த வாரம்: ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வரும் பேட்ச்கள் எதுவும் வேண்டாம் என்று லினக்ஸ் கர்னல் கதவடைத்த 2021 ஏப்ரல்.)