கிலோமீட்டருக்காக மாத்திரை விழுங்குகிறவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை நெடுந்தூரம் சைக்கிள் மிதித்து உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்கள் திங்கட்கிழமை மருத்துவரிடம் வருவதில்லை. புதன், வியாழன் ஆகிவிடும். அதற்குள் ‘உடம்புச் சூடு’ என்று வீட்டில் வெந்தயமும் இளநீரும் உள்ளே போயிருக்கும். தொடை வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் இன்னும் நாலு மாத்திரை. கடுங்காப்பி நிறத்தில் சிறுநீர் போகிறது என்று வந்து உட்காரும்போது கிரியாட்டினின் ஏறியிருக்கும். சிறுநீரகம் திணறும் நேரத்தில் இளநீர் இன்னும் ஆபத்து. அதிலுள்ள பொட்டாசியம் வெளியேற வழியில்லாமல் இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும்.

கொரோனா காலத்தில் சைக்கிள் வாங்கியவர்களில் ஐம்பதைத் தாண்டியவர்கள் நிறையப் பேர். முதலில் பெசன்ட் நகர் வரை, பிறகு ஈசிஆரில் மாமல்லபுரம், அப்புறம் பாண்டிச்சேரி. அடுத்த ஆசை பிரெவே என்னும் நேரக்கெடு வைத்த நெடும் பயணம். 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்தில், 300-ஐ 20 மணியில், 400-ஐ 27 மணியில், 600-ஐ 40 மணியில் முடிக்க வேண்டும். நான்கையும் ஒரே பருவத்தில் முடித்தால் ‘சூப்பர் ராண்டனர்’. ரிட்டயர் ஆன பிறகு இப்படி ஓர் ஆசை வருவதை நான் ஒருநாளும் தடுத்ததில்லை.

வயதைக் குற்றம் சொல்லாதீர்கள்

“இந்த வயசுல இதெல்லாம் தேவையா?” என்று வீட்டார் கேட்பார்கள். பிரான்ஸைச் சேர்ந்த ராபேர் மார்ஷான் 2017 ஜனவரியில், தன் 105-ஆவது வயதில், ஒரு மணி நேரத்தில் 22.547 கிலோமீட்டர் மிதித்தார். 101 வயதிலிருந்து 103 வயதுக்குள் அவர் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் குறையவில்லை, கூடியது. ஆராய்ச்சியாளர்களே அளந்து பார்த்துப் பதிவு செய்தது இது. அந்த இரண்டு ஆண்டுகளும் அவர் செய்த பயிற்சியில் ஐந்தில் நான்கு பங்கு நிதானமான மிதி; மீதிதான் மூச்சு வாங்க வைத்தது.

நம்மவர்கள் நேர்மாறு. வாரம் முழுக்க ஒன்றுமில்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் முப்பது வயதுப் பையன்களின் பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டு ஓட்டம். அப்புறம் பழி வயதின் மேல் விழுகிறது.

‘சும்மா ஒரு வலி மாத்திரைதானே டாக்டர்’

இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. டைக்ளோஃபினாக், அசிகுளோஃபினாக், ஐபுப்ரோஃபென் எதுவும் சும்மா இல்லை. கிளம்புவதற்கு முன்னாலேயே ‘வலி வராமலிருக்க’ ஒன்று போட்டுக்கொள்கிறார்கள். நூறாவது கிலோமீட்டரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இன்னொன்று. வேர்த்துக் கொட்டி உடம்பில் நீர் வற்றும்போது, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக் குழாய்களைத் திறந்து வைத்திருக்கச் சில ரசாயனங்களை உடம்பே சுரந்துகொள்கிறது. வலி மாத்திரை அந்தச் சுரப்பைத்தான் அடைக்கிறது. அதோடு தினமும் டெல்மிசார்டானும் நீர் பிரியும் மாத்திரையும் போடும் ரத்த அழுத்தக்காரர் என்றால், மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தை முடக்கிப்போடும். வெயிலில் தசை நார்கள் வேறு சிதைந்து ரத்தத்தில் கலந்தால் கேட்கவே வேண்டாம். சிலருக்கு டயாலிசிஸ் வரை போகிறது.

“நண்பர் கொடுத்தார்” என்பது அடுத்த பதில். அந்த நண்பருக்கு உங்கள் பிரஷர் மாத்திரையின் பெயர் தெரியுமா?

அது வாயு அல்ல

மேம்பாலம் ஏறும்போது நெஞ்சில் இறுக்கம், நிறுத்தினால் சரியாகிவிடுகிறது. காலையில் சாப்பிட்ட பொங்கல் என்று முடிவு கட்டி, சோடா குடித்து, ஜெலுசில் விழுங்கி, மறுவாரமும் அதே மேம்பாலம். முயற்சியின்போது வந்து ஓய்வில் அடங்கும் இறுக்கம் வாயு அல்ல, இதயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தாடை, இடது கை, மேல்வயிறு என்று எங்கே வந்தாலும் அப்படித்தான். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சிரைப்பாகவோ விளங்காத அசதியாகவோ வரலாம். ஓய்விலும் இறுக்கம் விடாவிட்டால், குளிர்ந்து வேர்த்தால், 108. மிதித்தே வீடு போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற கணக்கு வேண்டாம்.

220-இலிருந்து வயதைக் கழித்து, அதுதான் இதயத் துடிப்பின் உச்சம் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்து ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மெட்டோபிரலால் போன்ற மாத்திரை துடிப்பை ஏறவே விடாது. கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி இன்னும் வேகமாக மிதிக்கக் கூடாது.

தண்ணீரும் சர்க்கரையும்

தண்ணீர் எவ்வளவு குடித்தாலும் நல்லது என்பது தவறு. உப்பில்லாமல் லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைவலி, வாந்தி, குழப்பம், கடைசியில் வலிப்பு. கிளம்பும்போதும் திரும்பியதும் எடை பாருங்கள். கூடியிருந்தால் அளவு மீறிக் குடித்திருக்கிறீர்கள். மறுபக்கம், வயதானால் தாக உணர்வு மங்கும். அதனால் தாகம் எடுக்கட்டும் என்றும் காத்திருக்க முடியாது. உப்புப் போட்ட மோர், ஓஆர்எஸ், அவ்வப்போது சில மடக்கு. பிரஷர், இதய நோய் உள்ளவர்கள் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

“சைக்கிளே மருந்து” என்று சர்க்கரை மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்துகிறவர்கள் ஒரு ரகம். கிளிமிபிரைடோ இன்சுலினோ எப்போதும்போல் எடுத்துக்கொண்டு நாள் முழுக்க மிதித்து, இரவு தூக்கத்தில் சர்க்கரை இறங்கிப் போகிறவர்கள் இன்னொரு ரகம். டாபாகிளிஃப்ளோசின் போன்றவை நீர் வற்றும் நாளில் தனி அபாயம். நெடும் பயணத்துக்கு முன் எதை, எத்தனை நாள் நிறுத்துவது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முட்டியும் மரத்துப்போவதும்

சைக்கிள் முட்டியைத் தேய்ப்பதில்லை. தாழ்ந்த சீட்டும் கனத்த கியருமே முன்முட்டியை வலிக்க வைக்கின்றன. அதற்குத் தைலம் தேய்த்து என்ன பயன்? ஒரு ஸ்பானரை எடுத்துச் சீட்டைச் சற்று உயர்த்துங்கள். மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்தால் ஹேண்டில்பாரில் கை அழுந்துகிறது என்று அர்த்தம். தொடையிடுக்கு மரத்துப்போவதை வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். மாதக்கணக்கில் மறைத்துவிட்டுப் படுக்கையறைப் பிரச்சினையோடு வருகிறார்கள். சேடிலை மாற்றியிருந்தால் போதும். சீட் புண்ணுக்கு மஞ்சளும் டெட்டாலும் பவுடரும் வேண்டாம், எரிந்து இன்னும் கெடும். கழுவி, உலர்த்தி, ஓட்டாமல் இருங்கள். சைக்கிள் எலும்பை உறுதியாக்குவதில்லை என்பதால் வாரம் இரண்டு நாள் எடை தூக்குங்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது கட்டாயம்.

பரிசோதனை

நெடும் பயணங்களைத் தொடங்கும் முன் இவற்றைப் பார்த்துவிடுங்கள்: ரத்த அழுத்தம், சர்க்கரை, கிரியாட்டினின், ஈசிஜி, மருத்துவர் சொன்னால் டிரெட்மில், எக்கோ.

கெஞ்சிக் கேட்கிறேன்

பிரெவேயில் முதலிடம் என்பதே கிடையாது. 200 கிலோமீட்டருக்கு நிற்கும் நேரமும் சேர்த்து மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் போனால் போதும். யாரை முந்தப் போகிறீர்கள்? ஆறு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள், வாரத்துக்குச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். 400, 600-இல் நள்ளிரவு தாண்டிக் கண் சொருகினால் டீ குடித்துச் சமாளிக்காதீர்கள். பெட்ரோல் பங்க்கில் இருபது நிமிடம் படுங்கள். பின்னால் லாரி வருகிறது ஐயா. ரிஃப்ளெக்டர் சட்டை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், லாரிக்காரரின் தூக்கத்தைக் கலைக்காது. முடியவில்லை என்றால் பாதியில் இறங்கி, வீட்டுக்குப் போன் போட்டுக் காரை வரச் சொல்லுங்கள். மகன் சிரித்தால் சிரிக்கட்டும். சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும், ஒவ்வாமையும், வீட்டு எண்ணும் எழுதிய சீட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு ஜெர்சியின் பின்பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பேச முடியாத நிலையில் உங்களை அழைத்து வந்தால், நாங்கள் முதலில் தேடுவது அதைத்தான்.